பழைய சிபியு வாங்கி மலைக்கு ஏற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்த மாதம் நான் கோவைக்கு இறங்கியபோது, அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்கள் பழைய சாமான் கடைகளில் சுவர் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. மலிவாகத் தெரிந்தது, ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு வந்துவிட்டேன். அது வீட்டில் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது பொங்கலுக்குத்தான். நடுவில் போன எட்டு வாரமும், மறுபடி இரண்டு தடவை கீழே இறங்கி ஏறிய அலைச்சலும், வீணாய்ப் போன 1,300 ரூபாயும் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிபியுவுக்கு என்ன விலை கொடுக்கிறீர்களோ, அதே அளவு பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கக் கிளம்புங்கள். பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் பத்தாயிரத்துக்கும் சிபியு வாங்கிவிடக் கூடாது. நம் ஊரில் பழைய கம்ப்யூட்டரைக் கெடுப்பது அதன் வயதைவிடக் கரண்டும், ஈரமும், அது ஏறி வரும் வளைவு ரோடும்தான். அந்த மூன்றுக்கும் பணம் வேண்டும்.

1. என்ன வேலைக்கு என்று தாளில் எழுதுங்கள்

மனதில் நினைத்தால் போதாது, எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: மகளின் கல்லூரிப் பாடமும் ஆன்லைன் வகுப்பும், பச்சைத் தேயிலைக் கணக்கு (எந்தத் தேதியில் எத்தனை கிலோ போட்டோம், ஃபேக்டரி என்ன விலை போட்டது, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவித்த விலை என்ன), பட்டா சிட்டா எடுப்பது, ஈபி பில், வருமான வரித் தாக்கல், அம்மாவுக்கு யூடியூபில் பழைய பாட்டு. இவை எல்லாவற்றையும் பத்து வருடப் பழைய சிபியு அலட்டிக்கொள்ளாமல் செய்யும். பாதிக்கு மேல் பிரவுசருக்குள்ளேயே முடிகிற வேலை.

உங்கள் பட்டியலில் கீழே சொல்பவை ஏதாவது இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்:

கணக்கு எழுதும் டேலி விண்டோஸில் மட்டும்தான் ஓடும். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், கைரேகைக் கருவி ஆகியவற்றுக்கும் விண்டோஸ் இருந்தால்தான் நிம்மதி. வீட்டிலிருந்தபடி கேமரா கண்காணிப்பில் எழுதும் தேர்வுகளிலும் சில விண்டோஸ்தான் வேண்டும் என்கின்றன. வீடியோ எடிட்டிங், புது கேம் எல்லாம் பழைய பெட்டியில் கனவு. இவைதான் உங்களுக்கு முக்கியம் என்றால், விண்டோஸ் 11 முறையாக ஏற்கும் சிபியுவுக்குப் போங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். விலை கூடும், ஆனால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

2. "ஐ-ஃபைவ் சார்" என்றால் மயங்காதீர்கள்

கடைக்காரர் முதலில் சொல்வது இதைத்தான். ஐ-ஃபைவ் என்பது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் தாத்தாவும் உண்டு, பேரனும் உண்டு. பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-4570 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. ஐ3-6100 என்றால் ஆறாம் தலைமுறை, 2015. எண் மூன்றே இலக்கம்தான் (ஐ5-650 மாதிரி) என்றால் அது முதல் தலைமுறை, வேண்டாம். அதற்கும் முந்தைய கோர் 2 டுவோவை யாராவது சும்மா கொடுத்தால் பையனுக்குக் கழற்றிப் பழகக் கொடுங்கள். யூடியூப் பார்க்கவே அது மூச்சு வாங்கும்.

என் கணக்கில், வீட்டு வேலைக்கு நான்காம் தலைமுறை போதும், ஆறாம் தலைமுறை கிடைத்தால் நல்லது. நான்காவதில் டிடிஆர்3 வகை ரேம் (ஓடும் வேலையை வைத்துக்கொள்ளும் நினைவகம்) போடுவார்கள், ஆறாவதில் பெரும்பாலும் டிடிஆர்4. ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: "விண்டோஸ் லெவனே போட்டுத் தர்றேன்." நான்காம் தலைமுறையில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிவிட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அது மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட முறை இல்லை, பின்னால் அப்டேட் வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. அதைவிட மோசம், லைசென்ஸ் இல்லாமல் ஏதோ ஆக்டிவேட்டரை ஓட்டித் திறந்துவைத்த விண்டோஸ். அந்த ஆக்டிவேட்டருக்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் உட்கார்ந்து பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப் போகிறீர்களா?

அசெம்பிள் செய்த பெட்டியா, கம்பெனிப் பெட்டியா என்றால், நான் டெல், ஹெச்பி, லெனோவா அலுவலகப் பெட்டிகளின் பக்கம். உறுதியானவை, சத்தம் குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. இவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) தனி அளவு, தனி பின். எரிந்துபோனால் குன்னூரிலோ ஊட்டியிலோ கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே மாடலுக்கானதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் யுபிஎஸ் பற்றிப் பின்னால் இவ்வளவு நீட்டியிருக்கிறேன்.

3. எங்கே வாங்குவது, என்னென்ன தாள் கேட்பது

கோவையில் காந்திபுரம் பக்கம் கடைகள் உண்டு. மலையிலேயே எஸ்டேட் அலுவலகங்களும் பள்ளிகளும் பழையதைக் கழிக்கும்போது மொத்தமாகக் கொடுப்பார்கள். அங்கே விலை குறைவு, ஆனால் சோதித்துப் பார்க்க விடமாட்டார்கள், வாரன்டியும் கிடையாது.

கடை என்றால் கேட்க வேண்டியவை:

ஜிஎஸ்டி பில். அதில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். வெறும் "கம்ப்யூட்டர் 1" என்று எழுதிய பில் குப்பைக்குச் சமம். டெல் பெட்டியில் ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும். டெல் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் அதை அடித்தால், எந்த மாடல், எப்போது விற்றது என்று அங்கேயே தெரிந்துவிடும். போனிலேயே பார்க்கலாம், இரண்டு நிமிடம். ஐந்து வருடப் பெட்டி என்று சொல்லி விற்றது பதினோரு வருடப் பெட்டியாக இருக்கலாம்.

வாரன்டியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எத்தனை நாள், எதற்கெல்லாம் என்று. நான் வாங்கிய கடையில் "மூணு மாசம் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். நாற்பதாவது நாள் திரும்பப் போனபோது, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் அது பொருந்தாது என்றார்கள். தாளில் எதுவும் இல்லை, நான் என்ன பேசுவது?

எஸ்டேட்டிலோ பள்ளியிலோ வாங்கினால் விற்பனைக் கடிதமும் கேட் பாஸும் கையெழுத்தோடு வேண்டும். சீரியல் நம்பர் இரண்டிலும் இருக்கட்டும். பெட்டியின் முதுகில் அவர்கள் பெயிண்டில் எழுதிய சொத்து எண் அழியாமல் இருக்கும். நாளை யாராவது கேட்டால் காட்ட உங்களிடம் அந்தக் கடிதம் ஒன்றுதான் உண்டு.

4. கடையிலேயே அரை மணி நேரம்

இதற்கு ஒரு பென்டிரைவ் தயார் செய்துகொண்டு போங்கள். அதில் லினக்ஸ் மின்ட் என்ற, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டத்தை ஏற்றியிருக்க வேண்டும் (எப்படி என்று எட்டாவது படியில் வரும்). கடைக்காரர் காட்டும் விண்டோஸில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். உங்கள் பென்டிரைவிலிருந்து கிளப்பினால்தான் உண்மை தெரியும். ஆன் செய்ததும் டெல்லிலும் லெனோவாவிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து கிளப்புவது என்று கேட்கும்.

அங்கேயே பாஸ்வேர்டு கேட்டால், அலுவலகம் போட்ட பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த பெட்டியைப் பாருங்கள்.

பிறகு "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறந்து ஹார்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டார் (தகவல் பதியும் இடம்) கெட்டது எல்லாம் அதில் இருக்கும். கெட்ட செக்டார் ஒன்று இருந்தாலும் அந்த ஹார்டு டிஸ்க்குக்குக் காசு கொடுக்காதீர்கள். எப்படியும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) போடப் போகிறோம், அதனால் "ஹார்டு டிஸ்க் இல்லாமல் என்ன விலை?" என்றே கேளுங்கள். எனக்கு அப்படி 500 ரூபாய் குறைந்தது.

எல்லா யுஎஸ்பி துளையிலும் மவுஸைச் செருகிப் பாருங்கள். ஒரு யூடியூப் வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் காதால் கேளுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லி, போர்டில் குட்டி டப்பா மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் வேண்டாம். பின்பக்கம் என்ன துளை இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பல அலுவலகப் பெட்டிகளில் விஜிஏவும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் இருக்கும், ஹெச்டிஎம்ஐ இருக்காது. வீட்டு டிவியில் மாட்டலாம் என்று நினைத்துப் போனவர்கள் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிளையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

5. மலை ஏற்றுவது

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில் நிறுத்தி வைத்துக் கொண்டுவந்த சிபியு, வீட்டில் ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தியதே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து மறுவாரமே கீழே தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் மூடியைத் திறந்து, ரேமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, டக்கென்று அமுக்கினான். ஓடியது. வளைவுகளில் குலுங்கி ரேம் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப மேலே வந்தேன், திரும்பக் கழன்றது! இந்த முறை நானே ரப்பரை எடுத்தேன்.

கொண்டுவரும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். சிபியுவைப் படுக்க வையுங்கள், போர்டு அடியிலும் அதன் மேல் உள்ள ஃபேன் வானத்தைப் பார்த்தும் இருக்கும்படி. நிறுத்தி வைத்தால் அந்த ஃபேனின் கனம் ஒவ்வொரு குலுக்கலிலும் பக்கவாட்டில் இழுக்கும். மானிட்டரை நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும், திரைமேல் எதுவும் அழுத்தக் கூடாது. சுற்றுவதற்கு வீட்டிலிருந்து பழைய கம்பளி எடுத்துப் போங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அதில் போட்டு வாங்கினால் செக்போஸ்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

சொந்தக்காரர் காரில் வருகிறீர்களா? நீலகிரிப் பதிவெண் (டிஎன் 43) இல்லாத வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-இலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. போனிலேயே எடுக்கலாம், கட்டணம் இல்லை. கொடைக்கானல்காரர்களுக்கும் இதே கதைதான், வளைவுகளுக்கும் பஞ்சமில்லை.

வந்ததும் ஆன் செய்யாதீர்கள். பனியில் பின்பக்கம் திறந்த வண்டியில் வந்த இரும்புப் பெட்டி சில்லிட்டுப் போயிருக்கும். அதை ஹீட்டரோ அடுப்போ எரியும் அறைக்குள் வைத்தால் உள்ளே வேர்க்கும், குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவதைப் போல. ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும்.

6. கரண்ட்: எர்த் முதலில், யுபிஎஸ் அடுத்து

சிபியு இரும்பைத் தொட்டால் லேசாகக் கடிக்கிறதா? "பழைய சாமான், அப்படித்தான்" என்பார்கள். இல்லை, உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் பகுதி மிகச் சிறிய அளவு மின்சாரத்தை எர்த் கம்பிக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியின் இரும்பிலேயே நிற்கும். நம் பாறை மண்ணில் எர்த் குழி சரியாக அமைவது கஷ்டம். பழைய எஸ்டேட் லைன் வீடுகளில் மூன்று பின் பாயின்ட் இருந்தாலும் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எனக்கு ஆள் கூலியும் கம்பியும் உப்பும் கரியுமாக 1,800 ரூபாய் ஆனது. கடைசியில் வரும் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, அது வீட்டுச் செலவு, எப்படியும் செய்திருக்க வேண்டியது. இரண்டு பின் அடாப்டர் போட்டுச் சமாளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து யுபிஎஸ். 600 விஏ போதும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், ஃபைலைச் சேமித்துவிட்டு அணைக்க அது போதுமான நேரம். மரம் விழுந்து லைன் போகும் ஊரில், போன கரண்ட் திரும்ப வரும் அந்த நொடிதான் ஆபத்து. விட்டு விட்டு வந்து அடிக்கும். பழைய யுபிஎஸ்ஸைச் சிபியுவோடு சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஆயுசே இரண்டு மூன்று வருடம்தான். இதை மட்டும் புதிதாக வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள், பேட்டரி வாரன்டிக்கு அந்தத் தேதி வேண்டும். பிரின்டரை, முக்கியமாக லேசர் பிரின்டரை, யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் இழுப்பில் யுபிஎஸ் கத்தும்.

இடி இடித்தால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைப் பிடுங்குங்கள். சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், பலரும் இதை மறக்கிறார்கள்.

கரண்ட் பில் ஏறுமா என்று வீட்டில் கேட்பார்கள். நான்காம் தலைமுறைப் பெட்டியும் எல்இடி மானிட்டரும் சாதாரண வேலையில் இரண்டும் சேர்ந்து 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 18 யூனிட். நம் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதைத் தாண்டாதவர்களுக்குச் செலவே இல்லை. கீசர் போடும் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதே வீண்.

7. உள்ளே மாற்ற வேண்டியவை

எஸ்எஸ்டி. பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுற்றும் ஹார்டு டிஸ்க்தான். 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். சுற்றும் டிஸ்க்கில் இரண்டு நிமிடம் எடுக்கும் பெட்டி எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள் திறக்கும். சாட்டா ஒயர் உள்ளே உபரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாற்பது ஐம்பது ரூபாய் ஒயருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது எனக்கு.

ரேம். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. இங்கேதான் நான் 850 ரூபாய் இழந்தேன். ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 மற்றதைவிடப் பாதி விலைக்குத் தெரிந்தது. விவரத்தில் சின்ன எழுத்தில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று இருந்ததை நான் படிக்கவில்லை. அது இன்டெல் போர்டில் வேலை செய்யாது. சர்வரிலிருந்து கழற்றிய ரேமும் இப்படித்தான், மலிவு, நமக்கு ஆகாது. சின்னஞ்சிறு மினி பெட்டி வாங்கியிருந்தால் அதற்கு லேப்டாப் ரேம்தான் பொருந்தும்.

செல். போர்டில் காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032. நாற்பது ரூபாய். பழைய பெட்டி என்றால் கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள். செல் செத்திருந்தால் ப்ளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பினால் பேங்க், ஈபி, பட்டா எந்தப் பக்கமும் திறக்காது, "இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று சிவப்பாக மிரட்டும். நான் மூன்று நாள் இன்டர்நெட் கம்பெனியோடு சண்டை போட்டேன். குற்றம் நாற்பது ரூபாய்ச் செல்லுடையது. செல்லை மாற்றியதும் பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்யுங்கள். அப்படியே சாட்டா பகுதியில் ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சில டெல் பெட்டிகளில் அது ரெய்டு என்று மாறி நின்று, புதிதாக சிஸ்டம் ஏற்றும்போது மக்கர் செய்யும்.

கூடவே பிராசசர் ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (பிராசசர் சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிது வையுங்கள். கடலைப் பருப்பு அளவு போதும்.

8. சிஸ்டம் ஏற்றுவது

லினக்ஸ் மின்ட் 22 வரிசையைப் பரிந்துரைக்கிறேன், 2029 வரை அப்டேட் உண்டு. விண்டோஸில் பழகிய கைக்கு அன்னியமாகத் தெரியாது. 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. போனில் தினம் ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி டேட்டா போடுபவர்களுக்கு ஒரே நாளில் இறங்காது. பாதியில் நின்றதைத் தொடரும் டவுன்லோடு மேனேஜர் வைத்து ராத்திரி பன்னிரண்டுக்கு முன் பாதி, பின் பாதி என்று இறக்குங்கள், அல்லது ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில் போய் ஒரு டீ குடியுங்கள். 8 ஜிபி பென்டிரைவில் வென்டாய் என்ற செயலியை ஏற்றி, அதற்குள் இந்த ஃபைலை அப்படியே காப்பி செய்தால் போதும். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கல்யாண போட்டோ எதுவும் இருந்தால் முதலில் எடுத்து வையுங்கள்.

பென்டிரைவிலிருந்து கிளப்பியதும் உடனே இன்ஸ்டால் போடாதீர்கள். ஏற்றாமலே ஓட்டிப் பார்க்க அது விடும். சத்தம் வருகிறதா, நெட் வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். திருப்தி என்றால் பெட்டியை அணைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது ஏற்றுங்கள். "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்று அது கேட்கும்போது எந்த டிஸ்க் என்ற குழப்பமே வராது. அரை மணி நேரத்தில் முடியும். அப்டேட்டுக்கு இன்னொரு ஜிபி அளவுக்கு டேட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

9. நெட், தமிழ், பிரின்டர்

டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் வைஃபை கிடையாது. 450 ரூபாய்க்கு ஒரு குட்டி டாங்கிள் வாங்கினேன், லினக்ஸில் அது தெரியவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி "யுஎஸ்பி டெதரிங்" போட்டால் எதுவும் ஏற்றாமலே நெட் வந்துவிடும். அதுவே போதும். கேமராவும் மைக்கும் பெட்டியில் இருக்காது, ஆன்லைன் வகுப்புக்குத் தனியாக வாங்க வேண்டும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற செயலிகள் இரண்டையும் ஏற்றினால் தமிழ்99, அஞ்சல் மாதிரி ஒலிப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாம் வரும். உங்கள் கை பழகியதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தமிழ்99 என்பேன், எழுத்துக்கு விசை குறைவு. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் கையில் இருந்தால், திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, பயப்படாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

பிரின்டரை வாங்கும் முன் விசாரியுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் ஏகப்பட்ட பாடு படுத்தும். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு நெட்டிலிருந்து ஒரு பிளகினை இறக்கினால் சரியாகிவிடும். மாதம் பத்துப் பக்கம்தான் எடுப்பீர்கள் என்றால் பிரின்டரே வேண்டாம், ஜெராக்ஸ் கடை பக்கத்தில்தானே.

10. ஈரம்

சிபியுவைச் சிமென்ட் தரையில் வைக்காதீர்கள், ஒரு பலகை போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், அடுப்பங்கரைப் புகை வரும் இடமும் வேண்டாம். பயன்படுத்தி முடித்ததும் உடனே துணி போட்டு மூடினால் சூடும் ஈரமும் உள்ளேயே நிற்கும், அரை மணி கழித்து மூடுங்கள். ஆடி மழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடே உள்ளே காயவைக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பின்பக்கம் காலியாக இருக்கும் துளைகளை வலைத் துணியால் அடையுங்கள். எங்கள் பெட்டிக்குள் எலி கூடு கட்டப் பார்த்தது. கதகதப்பான இடத்தை அதற்கா கண்டுபிடிக்கத் தெரியாது?

11. என் கணக்கு

நான் கொடுத்த விலைகள், உங்களுக்குக் கூடக் குறைய இருக்கும்: சிபியு, ஹார்டு டிஸ்க் இல்லாமல் 4 ஜிபி ரேமோடு, 6,500. பழைய 19 அங்குல மானிட்டர் 2,000. எஸ்எஸ்டி 2,000. இன்னொரு 4 ஜிபி ரேம், பழையது, 600. புது யுபிஎஸ் 2,800. கீபோர்டு, மவுஸ் 700. செல் 40, தெர்மல் பேஸ்ட் 150. மொத்தம் 14,790 ரூபாய். பஸ் செலவும், பொருந்தாத ரேமும் டாங்கிளும் தின்ற 1,300-ம் தனி. ரேம், எஸ்எஸ்டி விலைகள் நான் வாங்கிய நாட்களிலேயே ஏற ஆரம்பித்திருந்தன, அவற்றை முதலில் விசாரித்துவிட்டுச் சிபியுவைப் பேரம் பேசுங்கள்.

நாள் கணக்கு: எலக்ட்ரீஷியன் வர ஒரு வாரம் (எங்கள் ஊரில்), ஃபைல் இறக்க இரண்டு நாள், வாங்கப் போய்வர ஒரு நாள், ஒரு ராத்திரி ஓய்வு, உள்ளே மாற்றவும் சிஸ்டம் ஏற்றவும் ஒரு ஞாயிறு. எர்த் வேலையையும் பென்டிரைவையும் முடித்துவிட்டு வாங்கப் போனால் மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாளில் முடியும்.

எஸ்டேட்டில் டிஸ்க்கோடு வாங்கியவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில் அவர்களுடைய சம்பளப் பட்டியலும் தொழிலாளர்களின் ஆதார் நகலும் அழியாமல் கிடக்கலாம். திறந்து பார்க்காமல், "டிஸ்க்ஸ்" செயலியில் முழுவதையும் பூஜ்ஜியத்தால் நிரப்பி அழிக்கும் வசதியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். 500 ஜிபிக்கு ஒன்றரை இரண்டு மணி நேரமாவது ஆகும், யுபிஎஸ் ஆனில் இருக்கட்டும்.